கை நீட்டிய கொரில்லா

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "தம்பி, இருபது நிமிஷம் பேசணும், தலைப்பு உன் இஷ்டம்" என்றார். "கொரில்லாவுக்கு வரும் இதய நோய்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நம்ம ஹாஸ்டல் பசங்களைப் பத்தித்தானே?" என்று கேட்டார். ஒரு வகையில் அதுவும் சரிதான் என்று இந்த உரை முடியும்போது உங்களுக்கே தெரியும்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிகளில் எக்கோ மெஷின் இருக்கிறதல்லவா, இதயத்தை ஸ்கேன் பண்ணிப் பார்ப்பது, அதைச் சர்வீஸ் செய்கிற இன்ஜினியர் நான். ஒரு நாள் ஒரு மெஷினில் ப்ரோப் மாற்றிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற இதய மருத்துவர், "இதே மெஷினை அமெரிக்காவில் கொரில்லா நெஞ்சில் வைத்துப் பார்க்கிறார்கள், தெரியுமா?" என்று கேட்டார். தமாஷ் பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். அன்று ராத்திரி தேடிப் படிக்க ஆரம்பித்தவன், இன்று வரை நிறுத்தவில்லை.

கொரில்லா, சிம்பன்ஸி, ஒராங்குட்டான், போனபோ ஆகியவற்றைப் பெரிய வாலில்லாக் குரங்குகள் என்பார்கள். மிருகக்காட்சிசாலைகளில் வளரும் இவற்றில், வயது வந்தவற்றின் உயிரைப் பறிக்கும் முதல் காரணம் இதய நோய். வட அமெரிக்கக் காட்சிசாலைகளில் இறந்த கொரில்லாக்களைப் பற்றி 1994இல் ஓர் ஆய்வு வெளியானது. வயது வந்த கொரில்லாக்களின் மரணத்தில் ஏறக்குறைய 40 சதவீதத்துக்கு இதயமும் ரத்தக்குழாயும்தான் காரணம் என்று அது சொன்னது. முக்கியமாக ஆண் கொரில்லாக்கள். முதுகில் வெள்ளி முடி படர்ந்து, குடும்பத்துக்கே தலைவனாக நிற்கும் வயதில், முந்தின நாள் வரை நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது மறுநாள் காலையில் எழுந்திருக்காது. ஒஹையோ மாநிலம் கிளீவ்லாண்ட் காட்சிசாலையில் 2005இல் புரூக்ஸ் என்ற கொரில்லா அப்படித்தான் இறந்தது. அதற்கு வயது 21.

இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது உங்களுக்கும் தோன்றும். "உக்காந்த இடத்திலேயே தின்னா மனுஷனுக்கு வர்ற அதே அடைப்புதான் அதுக்கும் வந்திருக்கும்" என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். அது தப்பு. எங்கே தப்பு என்பதுதான் சுவாரசியம்.

நமக்கு வரும் மாரடைப்பு பெரும்பாலும் குழாய்க் கோளாறு. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்புப் படிந்து, ஒரு நாள் அடைத்துக்கொள்கிறது. மெக்கானிக்கல் பசங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இன்ஜின் நன்றாக இருக்கிறது, பெட்ரோல் லைன் அடைத்துவிட்டது. குரங்குகளில் லைன் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கிறது. கெட்டுப்போவது இன்ஜினே. இதயத் தசை நார்களுக்கு நடுவே, காயம் ஆறிய தழும்பு போல, கெட்டியான நார்த்திசு கொஞ்சம் கொஞ்சமாகப் பரவுகிறது. தழும்பு சுருங்கி விரியாது. மின்சாரத்தையும் ஒழுங்காகக் கடத்தாது. நாளாக ஆக பம்ப் விறைத்துப்போகிறது, பலவீனமாகிறது. ஏதோ ஒரு நொடியில் துடிப்பின் தாளம் தப்பினால், அதோடு கதை முடிந்தது.

2009இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை சிம்பன்ஸிக்கும் மனிதனுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைத் தெளிவாக எடுத்துச் சொன்னது. அதை எழுதியவர்களில் ஒருவர் அஜித் வர்க்கி. நம் வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்து, சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். அடைபட்டு வாழும் சிம்பன்ஸிகளுக்குக் கொலஸ்ட்ரால் அதிகமாகவே இருக்கிறது, ஆனாலும் நம்மைப் போல அடைப்பு வந்து விழுவது அபூர்வம். ஏன்? அவருடைய குழு 2019இல் ஒரு விடையின் ஒரு பகுதியைக் காட்டியது. மனித இனத்தின் முன்னோர் 20, 30 லட்சம் வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஜீனை இழந்துவிட்டார்கள். அதே ஜீனை எலியில் செயலிழக்கச் செய்து பார்த்தபோது, ரத்தக்குழாயில் கொழுப்புப் படிவது ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதாவது அடைப்பு என்பது மனிதனாகப் பிறந்ததற்கு நாம் கட்டுகிற வரி.

குரங்குக்கு ஏன் நார்த்திசு வருகிறது என்பதற்கு இதுவரை முழு விடை இல்லை. ரத்த அழுத்தம், உணவு, உடற்பயிற்சிக் குறைவு, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், வயது என்று பல பேர் மேல் சந்தேகம் இருக்கிறது. குற்றவாளி யார் என்று தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஆனால் தீர்ப்பு வரும் வரை கைகட்டிக்கொண்டு இருக்கவில்லை அவர்கள். அவர்கள் செய்த மூன்று காரியங்களை மட்டும் சொல்கிறேன்.

முதல் காரியம் சமையலறையில் நடந்தது. காட்டுக் கொரில்லா பகலில் பாதிக்கு மேல் இலை, தண்டு, பழம் என்று தேடித் தின்பதிலேயே கழிக்கும். காட்சிசாலைகளில் வசதிக்காக, சத்தெல்லாம் சேர்த்து அரைத்துச் செய்த பிஸ்கட்டைப் பல வருஷங்களாக வாளி வாளியாகக் கொடுத்து வந்தார்கள். மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைய, மென்று முடிக்கச் சில நிமிஷம். புரூக்ஸ் இறந்த அதே கிளீவ்லாண்டில் மொகோலோ, பெபாக் என்று இரண்டு ஆண் கொரில்லாக்கள் இருந்தன. இரண்டுக்கும் இதய நோய். அங்கே கேஸ் வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து பிஸ்கட்டை அடியோடு நிறுத்தினார்கள். பதிலுக்குக் கீரை, லெட்டூஸ், பீன்ஸ், குதிரை மசால், ஆளி விதை. ஒவ்வொன்றுக்கும் தினம் ஏறக்குறைய நாலரை கிலோ காய்கறி. ஒரு வருஷத்தில் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 30 கிலோ இளைத்தன. வேடிக்கை என்னவென்றால், முன்பு தின்றதைவிட இரண்டு மடங்கு கலோரி தின்றுதான் இளைத்தன. நார்ச்சத்தைப் பெருங்குடலில் நொதிக்க வைத்துச் சக்தியாக்கிக்கொள்ளும் உடம்பு அது. அந்த உடம்புக்கு உரிய தீனியைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் நடந்தது. அடைபட்ட கொரில்லாக்களிடம் தின்றதை வாந்தியெடுத்து மறுபடி தின்கிற ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிஸ்கட் நின்றதும் அதுவும் நின்றது. சாப்பாட்டுக்காகச் செலவிடும் நேரம், நாளில் கால்வாசி இருந்தது பாதிக்கு மேல் போய்விட்டது. அதாவது, நாள் முழுக்க அவற்றுக்கு ஒரு வேலை கிடைத்தது. இதனால் இதய நோய் பறந்துவிட்டது என்று அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை. தழும்பு விழுந்த தசை திரும்ப வராது. பாரத்தைக் குறைத்தார்கள்.

இரண்டாவது காரியம் ஆபரேஷன் தியேட்டரில். அலபாமா மாநிலம் பர்மிங்காம் காட்சிசாலையில் பாபெக் என்ற கொரில்லா. இதயத்தின் இரண்டு பக்கமும் ஒன்றாகத் துடிக்காமல், ஒன்று முந்த, ஒன்று பிந்த, ரத்தம் ஒழுங்காகப் போகவில்லை. மருந்து கைகொடுக்கவில்லை. 2004இல், அலபாமா பல்கலைக்கழகத்தில் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் இதய மருத்துவர்கள் வந்து, இரண்டு பக்கத்தையும் ஒரே தாளத்துக்குக் கொண்டுவரும் விசேஷ பேஸ்மேக்கரைப் பொருத்தினார்கள். கொரில்லாவுக்கு அப்படிப் பொருத்தியது அதுவே முதல் தடவை. மனிதனுக்காகச் செய்த கருவி, மனிதனுக்கான டாக்டர், மேஜை மேல் கொரில்லா. பாபெக் 2008 வரை இருந்தது.

மூன்றாவது காரியத்துக்காகத்தான் இந்த மேடையை ஒத்துக்கொண்டேன். அது நம்மைப் போன்ற இன்ஜினியரிங் மாணவர்கள் செய்தது.

கொரில்லாவின் இதயத்தை எப்படிப் பரிசோதிப்பது? ரொம்ப நாளாக ஒரே வழிதான். மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்துப் பார்ப்பது. அதில் இரண்டு சங்கடம். மயக்க மருந்தே ரத்த அழுத்தத்தையும் துடிப்பையும் மாற்றிவிடும், அதனால் வரும் ரீடிங்கை முழுசாக நம்ப முடியாது. இரண்டாவது, ஏற்கெனவே பலவீனமான இதயத்துக்கு மயக்கமே ஆபத்து. நோய் இருக்கிறதா என்று பார்க்கப் போய், உயிருக்கே வினையாகலாம்.

அட்லாண்டா காட்சிசாலையில் இதற்கு வேறு வழி யோசித்தார்கள். விழித்திருக்கும் கொரில்லாவிடமே கேட்டால் என்ன? 150 கிலோவுக்கு மேல் எடை, ஒரு மனிதனைப் பொம்மை மாதிரி தூக்கிப் போடும் பலம். அதனிடம் போய் "கையை நீட்டுங்க, பிரஷர் பார்க்கணும்" என்று சொல்ல வேண்டும்!

ஜார்ஜியா டெக், எமரி பல்கலைக்கழகங்களில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படித்த மாணவர்கள் உட்கார்ந்து ஒரு கருவி செய்தார்கள். "கொரில்லா டஃப் கஃப்" என்று அதற்குப் பெயர். ஆஸ்பத்திரியில் கையில் சுற்றிக் காற்றடிப்பார்களே, அதையே கொரில்லாவின் கைக்கும் பலத்துக்கும் தாங்குகிற மாதிரி கெட்டியான உறைக்குள் அமைத்தது. தம்பிகளே, அதில் என்னென்ன பிரச்சினை இருந்திருக்கும் என்று ஓர் இன்ஜினியராக யோசித்துப் பாருங்கள். பட்டை போதிய நீளம் இருக்க வேண்டும். பிய்க்க முடியக்கூடாது. பயந்தால் கையைச் சட்டென்று உருவிக்கொள்ள வழி வேண்டும். காற்று ஏறும் சத்தத்துக்கு அது மிரளக்கூடாது. முடிகிற வரை அது பொறுமையாக இருக்க வேண்டும்.

2009இல் ஆஸி என்ற கொரில்லா, அப்போது அதற்கு 48 வயது, யாரும் கட்டிப்போடாமல், மயக்கம் கொடுக்காமல், தானாகக் கையை உள்ளே விட்டு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டது. உலகத்தில் அப்படிச் செய்த முதல் கொரில்லா அதுதான். அந்த ஆஸி 2022 ஜனவரியில் 61 வயதில் இறந்தபோது, உலகத்திலேயே வயதான ஆண் கொரில்லா என்ற பெயரோடு இறந்தது.

எக்கோவும் இப்படியேதான். காப்பாளர் கம்பி வலைக்கு வெளியே நிற்பார். கொரில்லா நெஞ்சை வலையோடு சேர்த்து நிற்கும். பழத்துண்டோ ஜூஸோ பரிசு. முதல் நாளே ப்ரோப்பை வைத்துவிட முடியாது. ஒரு நாள் நெஞ்சைக் காட்டினால் போதும். இன்னொரு நாள் விரலால் தொடுவது. அப்புறம் ஜெல். அப்புறம் ப்ரோப். இப்படி மாதக்கணக்கில் போகும். பிடிக்கவில்லை என்றால் அது நகர்ந்து போய்விடலாம், யாரும் திட்ட மாட்டார்கள், தண்டனையும் கிடையாது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். திரும்ப வரும். அது நம்பி வருகிறது, அதுதான் விஷயம்.

2010இல் இதற்கென்றே அட்லாண்டாவில் "கிரேட் ஏப் ஹார்ட் ப்ராஜெக்ட்" தொடங்கினார்கள். தலைமை தாங்கியவர் ஹேலி மர்ஃபி என்ற கால்நடை மருத்துவர். பிற்பாடு அவர் டெட்ராய்ட் காட்சிசாலைக்குத் தலைவரானார், ப்ராஜெக்டும் அங்கே போனது. பல காட்சிசாலைகளில் எடுக்கும் எக்கோ படங்கள் ஒரே இடத்துக்கு வந்து சேரும். மனிதர்களைப் பார்க்கும் இதய மருத்துவர்களும் உட்கார்ந்து பார்த்துச் சொல்வார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால், நம் அப்பா அம்மா சாப்பிடுகிற அதே பிரஷர் மாத்திரைகளைக் கொடுத்து வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

இங்கே பேராசிரியர்கள் முன்னால் ஓர் உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆஸி கையை நீட்டிய அந்த 2009இல் நானும் என் ரூம்மேட்டும் இதே கல்லூரியில் ஃபைனல் இயர். எங்கள் ப்ராஜெக்டை நாங்கள் செய்யவில்லை சார். காசு கொடுத்து வாங்கினோம். வைவாவில் நீங்கள் "இந்த ரெசிஸ்டர் எதுக்குப்பா?" என்று கேட்டபோது, நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பாஸ் போட்டுவிட்டீர்கள். அதற்கு நன்றியும் மன்னிப்பும் இன்றைக்குச் சேர்த்துச் சொல்கிறேன். அங்கே எங்கள் வயதுப் பசங்கள் ஒரு மிருகத்துக்காகக் கருவி செய்துகொண்டிருந்தார்கள். எங்களுக்கு மூளை குறைவு என்று நான் நினைக்கவில்லை. கூண்டுப் பக்கம் போய் "உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லை, அதுதான்.

அந்த ரூம்மேட்டைப் பற்றித்தான் இனிமேல் பேச வேண்டும். எங்கள் பேட்சுக்கு அவனைத் தெரியும். மெஸ்ஸில் பதினாறு சப்பாத்தி பந்தயம் கட்டி ஜெயித்தவன். பெயர் சொல்லவில்லை, வீட்டார் மனசு கஷ்டப்படும். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, ராத்திரி ஷிப்ட், நாற்காலியே உலகம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் போனில், "டேய் மச்சான், மாடி ஏறினா நெஞ்சு ஒரு மாதிரி பிடிக்குது. கேஸாத்தான் இருக்கும். நீதான் எக்கோ மெஷினோட குடும்பம் நடத்துறியே, ஒரு தடவை எனக்கும் வச்சுப் பாத்துருவோமா?" என்றான். நான் சிரித்தேன். "சனிக்கிழமை வாடா, தெரிஞ்ச டாக்டர்கிட்ட சொல்லி வைக்கிறேன்" என்றேன். அந்தச் சனிக்கிழமை எனக்கு வெளியூரில் ஒரு மெஷின் ரிப்பேர். அடுத்த சனிக்கிழமை அவனுக்கு வேலை. அதற்கடுத்த சனிக்கிழமை நானும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. ஒன்றரை மாதம் கழித்து அவன் மனைவி போன் பண்ணினாங்க. அவனுக்கு 35 வயது.

அவனுக்கு வந்தது மனித வியாதி. லைன் அடைப்பு. கொரில்லா வியாதி இல்லை. அதனால் "கொரில்லா மாதிரி கீரை சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பான்" என்று நான் சொல்ல மாட்டேன். அது விஞ்ஞானம் ஆகாது. ஆனால் ஒன்று சொல்லலாம். 2019இல் வந்த இன்னோர் ஆய்வில் சிம்பன்ஸிகளின் இதயத்தையும் பலதரப்பட்ட மனிதர்களின் இதயத்தையும் எக்கோவில் வைத்து ஒப்பிட்டார்கள். சிம்பன்ஸி இதயம் தடித்த சுவர் கொண்டது. மரம் ஏறும்போதும் சண்டை போடும்போதும் கொஞ்ச நேரத்துக்கு எகிறும் அழுத்தத்தைத் தாங்கக் கட்டியது. மனித இதயம் மெல்லிய சுவரோடு, நன்றாக முறுக்கிப் பிழிந்து, மணிக்கணக்கில் நிறைய ரத்தத்தை இறைக்கக் கட்டியது. நடக்கவும் ஓடவும் வேலை செய்யவும் ஆன பம்ப். மெக்சிகோவின் தாராஹுமாரா விவசாயிகளிடமும் நெடுந்தூர ஓட்டக்காரர்களிடமும் அது அப்படியே இருந்தது. நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பவர்களிடம் சின்ன வயசிலேயே அது குரங்கு இதயத்தின் பக்கம் சாய ஆரம்பித்திருந்தது. ஓடாத பம்ப் துருப்பிடிக்கும் என்று நமக்கு இரண்டாம் வருஷமே ஹைட்ராலிக்ஸ் லேபில் சொல்லிக் கொடுத்தார்கள். நாம்தான் அதை லேபோடு விட்டுவிட்டோம்.

என்னை உறுத்துவது இதுதான். காட்டிலிருந்து வந்த வம்சம், பேச்சுத் தெரியாது, ஏன் எதற்கு என்று சொல்லிப் புரியவைக்க வழியில்லை. அது ஒரு பழத்துண்டுக்கும் ஒரு மனுஷன் மேல் உள்ள நம்பிக்கைக்கும் கையை நீட்டுகிறது. எல்லாம் தெரிந்த நாங்கள் இரண்டு பேர், ஒருவன் மெஷினோடு வாழ்பவன், ஒருவன் வலியோடு வாழ்ந்தவன், சனிக்கிழமை சனிக்கிழமையாகத் தள்ளிப்போட்டோம். அவன் காரியம் முடிந்த பதினாறாம் நாள் நானும் போய்ப் பார்த்தேன். 150க்கு 100. ஐந்து வருஷமாகப் பல ஆஸ்பத்திரிகளில் நர்ஸம்மாக்கள், "சார், சும்மா ஒரு தடவை பார்த்துக்கங்களேன்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு தடவைகூட நான் கை நீட்டியதில்லை. இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன், காலையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன். நன்றாக இருக்கிறேன்.

முடித்துவிடுகிறேன். தம்பி தங்கைகளுக்கு ஒன்று. ப்ராஜெக்டை வாங்காதீர்கள். பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கோ அரசு ஆஸ்பத்திரிக்கோ போய், என்ன கஷ்டம் என்று கேளுங்கள். கேட்ட இடத்தில்தான் ப்ராஜெக்ட் இருக்கிறது.

அண்ணன், அக்கா, பேட்ச் நண்பர்களுக்கு ஒன்று. சங்கத்திடம் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன். வெளியே மெஸ் வாசலில், பந்தி ஆரம்பிக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மேஜை போட்டிருக்கிறது. இன்ஸ்ட்ருமென்டேஷன் துறை மாணவர்கள் இரண்டு பேரும் ஒரு நர்ஸம்மாவும் பிரஷர் கருவியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு நிமிஷ வேலை. ரீடிங் கூடுதலாக வந்தால் டாக்டரைப் பாருங்கள், நெஞ்சுப் பிடிப்பை மட்டும் கேஸ் என்று நீங்களே முடிவு பண்ணாதீர்கள். கூட வந்திருக்கும் நண்பன் தயங்கினால் கையைப் பிடித்து இழுத்து வாருங்கள். கை நீட்டியவர்களுக்கு ஆளுக்கொரு வாழைப்பழம் உண்டு. அது ஆஸியின் கணக்கில்.

பதினாறு சப்பாத்தி சாப்பிட்டவன் இன்று இருந்திருந்தால், பழத்துக்காக இரண்டு தடவை வரிசையில் நின்றிருப்பான்.